மேக்கர் மூக்கு

வா தம்பி, உள்ள வா. செருப்பைக் கழட்டாத, தரை பூராவும் பலகை, வெறுங்காலை வெச்சா குளிர் எலும்பு வரைக்கும் ஏறிடும். சகாயம்தானே உம் பேரு? ஹீட்டர் கடைப் பொண்ணு போன்ல சொல்லுச்சு, நல்ல ஆளா அனுப்பறேன்னு. மணி என்ன, ரெண்டா? நாலு மணி பஸ்ஸுல என் சம்சாரம் வர்றா. அதுக்குள்ள நீ லைன் குடுத்து, அந்தச் சின்ன ரூம் சூடாயிருக்கணும். ஏன்னு கேளு. அதே பஸ்ஸு கீழ போயிட்டு அஞ்சு மணிக்குத் திரும்பும். வீடு சரியில்லேன்னா அதுலயே ஏறி கோயமுத்தூருக்குப் போயிடுவேன்னு மக மூலமாச் சொல்லி விட்டிருக்கா. நாப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவ, வாடகைக்கு வீடு பாக்க வர்ற மாதிரி வர்றா. போனான்னா இனிமே வரமாட்டா. எனக்குத் தெரியும் சௌந்தரத்தை.

மீட்டர் அந்த வராந்தாவுல இருக்குது. அங்கிருந்து இந்த ஹால் சுவரோட, ஜன்னலுக்கு மேல கொண்டு போயி, அதோ அந்த ரூமுக்குள்ள இறக்கிடு. பழைய ஒயரைத் தொடாத, அது என்னைவிட மூத்தது.

நீ நெனைக்கலாம், இவ்வளவு பெரிய ஹாலை விட்டுட்டு எதுக்கு அந்தப் பொந்துக்கு ஹீட்டர்னு. நானும் கடையில அதைத்தான் கேட்டேன். இருக்கறதுலயே பெருசாக் குடும்மான்னேன். அந்தப் பொண்ணு உடனே எடுத்துக் குடுத்துச்சா? நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, ஜன்னல் எத்தனை, மேல ஓடா தகரமான்னு, சம்பந்தம் பேச வந்தவங்க மாதிரி விசாரிச்சுச்சு. சொன்னேன். வெள்ளைக்காரன் கட்டின வீடும்மா, கல்லுச் சுவரு, பதினாலடி உயரம், கதவு ஜன்னல் எல்லாம் சந்து சந்தா விட்டுப் போச்சு. எவ்வளவு சூடு பண்ணாலும் மேல போய் உக்காந்துக்கும், மச்சுல எலிதான் சுகமாத் தூங்கும்னேன். அது சிரிச்சுட்டுச் சொல்லுச்சு, அந்த ஹாலை எந்த ஹீட்டராலயும் சூடு பண்ண முடியாதுங்க, ஊருக்கே பந்தல் போடற மாதிரி அது, ஒரு சின்ன ரூமை எடுத்துக்கங்க, மேல பலகை அடிச்சு உயரத்தைக் குறைங்க, எண்ணெய் ஹீட்டர் ஒண்ணு வாங்குங்க, தனி லைன் இழுங்கன்னு. கம்பி பழுக்கறது, காத்து ஊதறது எல்லாம் இருக்குது, ஆனா வயசானவங்க நாள் பூரா உக்கார்ற இடத்துக்கு இதுதான் நிதானமான சூடுன்னு சொல்லிக் காட்டுச்சு. அதோ இருக்கு பாரு, இரும்புல வாழைச்சீப்பு செஞ்ச மாதிரி.

அப்புறம் கேட்டுச்சு ஒரு கேள்வி. அம்மா எந்த ரூம்ல உக்காருவாங்கன்னு. எனக்குத் தெரியல தம்பி. கடையில நின்னுக்கிட்டே மகளுக்குப் போன் போட்டேன். ஹேமலதா அவ அம்மாகிட்டக் கேட்டா. மேக்கால இருக்கற சின்ன ரூம், நாலு மணி வரைக்கும் வெயில் வரும், பத்தொம்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்னு பின்னாடியிருந்து அவ குரல் கேட்டுச்சு. நான் அந்த ரூம்ல தேயிலைச் சாம்பிள் டப்பா அடுக்கி வெச்சிருந்தேன். எல்லாத்தையும் தூக்கி வராந்தாவுல போட்டாச்சு, நீயே பாத்திருப்ப.

டப்பான்னதும் ஞாபகம் வருது. நான் யாருன்னு உனக்குத் தெரியுமா? பொன்னுரங்கம்னு சொன்னா இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. மேக்கர்னு சொல்லு, தெரியும். முப்பத்தெட்டு வருஷம் டீ பேக்டரியில டீ மேக்கர். அரைச்ச இலையைப் பரப்பிப் புளிக்க வெப்போம் பாரு, அதை எப்பக் காய வெக்கற டிரையருக்குத் தள்ளணும்னு எந்த மிஷினும் சொல்லாது. மேக்கர் மூக்குதான் சொல்லும். பச்சை வாசனை போயி, பழுத்த ஆப்பிள் மாதிரி ஒண்ணு வரும். அஞ்சு நிமிஷம் முந்தினா பச்சை, பிந்தினா புளிப்பு. ஒரு தடவை மூட்டையோட மூட்டையா வந்த இலையில மண்ணெண்ணெய் கை பட்டிருக்குதுன்னு லாரி கேட்டுக்குள்ள நுழையறப்பவே சொன்னேன். முதலாளியே வாயைப் பொளந்துட்டார். மேக்கர் மூக்குக்குத் தப்பி ஒரு வாசனை போகாதும்பாங்க. அதுக்குத்தான் சொல்ல வர்றேன். இந்தக் குளிர்காலத்துல நடந்ததுக்கு எல்லாரும் என்னைக் குத்தம் சொல்றாங்க. நீ கேளு, கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லு.

ஐப்பசியிலேயே ஹேமலதா ஒரு ஹீட்டர் அனுப்பினா. ரெண்டு கம்பி சிவப்பாப் பழுக்குமே, அந்த வகை. மாட்டினோம். முன்னாடி நின்னா முகம் தீயுது, முதுகு விறைக்குது. மூணாம் நாள் அடுக்களையில இருக்கேன், ஒயர் கருகற வாசனை எனக்கு அங்க வருது. ஓடி வந்து பிடுங்கினேன், பிளக்கு பாதி உருகியிருக்குது. பாத்தியா, இந்த மூக்குதான் அன்னிக்கு வீட்டைக் காப்பாத்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், கரண்ட் ஆபத்து, கரிதான் நல்லதுன்னு. ஹீட்டரைத் திருப்பி அனுப்பிட்டேன்.

எங்கிட்ட ஒரு கணப்புச் சட்டி உண்டு. நான் ரிட்டயர் ஆனப்ப பேக்டரியில மிஷின் பாக்கற பிட்டர் பழைய டிரையர் தட்டை வெட்டிச் செஞ்சு குடுத்தது. எம் பேரு பொறிச்சிருக்கும். கரியை வெளிய வெச்சுப் பத்த வெச்சு, புகை எல்லாம் போயி நல்லாக் கனிஞ்சப்பறம்தான் உள்ள கொண்டு வருவேன். புகை துளி இருக்காது. இந்த ஹால்ல கணப்பு அடுப்பு இருக்குது பாரு, அது சூடு பூராவையும் சிம்னி வழியா ஆகாசத்துக்கு அனுப்பிடும், அதனால அதை டீப்பெட்டிப் பலகையால மூடி ஆணி அடிச்சுட்டேன். ஜன்னல் சந்துக்கெல்லாம் பேப்பர், மைதாப் பசை. கதவடியில சாக்கு. டிரையர்ல காத்து ஒழுகினா தேயிலை காயாது, வெந்து நாசமாப் போயிடும். வீடும் அப்படித்தானே? மூடின வீடுதான் சூடு தாங்கும்.

இவளுக்கு அது பொறுக்கல. சாயங்காலம் கணப்பை வெச்சா தலைவலிம்பா. குமட்டுதும்பா. கீழ் வீட்டுல மாதின்னு ஒருத்தி இருக்கா, அவ அடுக்களைக்குப் போனா சரியாயிடுமாம். மாதி வீட்டுல விறகடுப்பு தம்பி. கண்ணைத் திறக்க முடியாது, அவ்வளவு புகை. ஓட்டுச் சந்து வழியா மேகமே உள்ள வரும். புகை இருக்கற இடத்துல தலைவலி போகுதாம், புகையே இல்லாத என் ஹால்ல தலைவலி வருதாம். இதுல நியாயம் இருக்குதா? ஊர்க்கதை பேசப் போறதுக்கு ஒரு சாக்குன்னு நெனச்சேன். எனக்கும்தான் கணப்புப் பக்கத்துல கண்ணு சொக்கும், காலு துவளும். நான் ஒரு நாளாவது குறை சொன்னேனா? அது கணப்போட சுகம்.

ஒவ்வொரு தடவையும் அவ சொல்றப்ப நான் எந்திரிச்சு ஹால் பூரா மோந்து பாப்பேன். மூலை மூலையாப் போயி. எனக்கு ஒரு வாசனையும் வரல. வாசனை இல்லேன்னா கெடுதலும் இல்ல, அவ்வளவுதானே? அதைத்தான் அவகிட்டச் சொல்வேன்.

என்ன தம்பி, ஏன் நிறுத்திட்ட? ஆமாமா, அந்த ஜன்னல்ல பேப்பர் ஒட்டியிருக்கும், சுரண்டிட்டு அடி. அந்த மூலையா? அங்க மட்டும் தடிப்பாத்தான் இருக்கும். அதுதான் இவ படுக்கற கட்டில் தலைமாடு. காலையில எந்திரிச்சுப் பாத்தா அந்த மூலையில மட்டும் பேப்பர் பிஞ்சிருக்கும், கட்டை விரல் நுழையற அளவுக்கு. நகத்தால கிள்ளி எடுத்துடுவா. நான் மேல ஒண்ணு ஒட்டுவேன். மறுநாள் மறுபடி கிள்ளுவா. நான் மறுபடி ஒட்டுவேன். மார்கழி பூரா இதே பொழப்பு, ஒரு வார்த்தை பேசிக்காம. நாய் வாலை நிமிர்த்தியே தீருவேன்னு நானும் விடல. எத்தனை அடுக்கு இருக்குதுன்னு பாரு. சுரண்டு, சுரண்டு, கத்தியால எடுத்தா ஒண்ணா வந்துடும். அட, ரொட்டித் துண்டு கனத்துக்கு இருக்குது. இவ்வளவு தடவையா?

சரி, வேலையைப் பாரு. மணி ஓடுது.

தை பொறந்து பொங்கல் முடிஞ்ச மூணாம் நாள். அன்னிக்கு உறைபனி. காலையில புல்லு பூரா வெள்ளை, குழாயில தண்ணி வரல. சாயங்காலம் மூணு மணிக்கே கணப்பை வெச்சேன். அன்னிக்கு எனக்குக் கோவம். அந்த மூலைக்குப் பேப்பர் ஒட்டலே. பழைய வேட்டியைக் கிழிச்சு ரெண்டு மடிப்பாப் பசையில தோச்சு ஒட்டினேன். இனிமே கிள்ளு பாக்கலாம்னு சொன்னேன். அவ கம்பளியைப் போத்திப் படுத்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க, எனக்கு என்னவோ பண்ணுது"ன்னா. நான் அவ தலைமாட்டுல குனிஞ்சு மோந்து பாத்தேன். ரெண்டு தடவை. ஒண்ணுமில்ல, பேசாமப் படுன்னுட்டு, வெளிக் கதவைச் சாத்தி, ரோட்டு மேல டீக்கடைக்குப் போயிட்டேன். போறப்ப கதவடிச் சாக்கை வெளியில இருந்து காலால தள்ளிச் சரியா வெச்சுட்டுத்தான் போனேன். சூடு போயிடக் கூடாதில்ல, அவளுக்காகத்தான்.

ஒரு மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து தள்ளறேன், கதவு நகரலே. உள்ள ஏதோ தடுக்குது. தோள் குடுத்துத் தள்ளி எட்டிப் பாத்தா இவ தரையில கிடக்கறா, கை ரெண்டும் சாக்கு மேல. பாதிச் சாக்கை உள்ள இழுத்திருக்கறா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஜன்னல் முடியலேன்னு இப்பச் சாக்கைப் பிடுங்க வந்துட்டான்னுதான் தோணுச்சு. சத்தம் போட்டேன் தம்பி. நின்ன இடத்துல நின்னு சத்தம் போட்டேன். உனக்கு எத்தனை தடவை சொல்றது, என்னைத் தோக்கடிக்கறதுலயே குறியா இருக்கியேன்னு. எவ்வளவு நேரம் திட்டினேன்னு தெரியல. அவ திருப்பி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் புதுசு. குனிஞ்சு தோளைத் தொட்டேன், தலை ஒரு பக்கமாச் சாஞ்சுது.

அப்புறம் தூக்கிட்டு வந்து முத்தத்துல போட்டேன். மாதி ஓடி வந்தா, ஜீப்பு வந்துச்சு, ஆஸ்பத்திரியில மூக்குல குழாயை வெச்சாங்க. மூணு மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணைத் திறந்தா. மகளைக் கேட்டா, மாதியைக் கேட்டா. என்னைக் கேக்கல.

டாக்டரு சின்ன வயசு. கரி கனியற இடத்துல ஒரு வாயு வருமாம், அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, மூடின ரூம்ல தலைவலி குடுத்து, தூங்க வெச்சு, அப்படியே ஆளைக் கொண்டு போயிடுமாம். எல்லா வாயுவுக்கும் ஒரு வாசனை உண்டுங்க, நான் முப்பத்தெட்டு வருஷம் மேக்கர்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, உங்க மூக்குக்கு மட்டும் அது ஆள் அனுப்புமா ஐயான்னு கேட்டார். சின்னப் பையன், என்ன பேச்சு. அந்தக் கரி ஈரக் கரி தம்பி, அதுதான் விஷயம். யானைக்கும் அடி சறுக்கும்பாங்க, கரிக்காரன் ஏமாத்திட்டான். எனக்கு அன்னிக்கு ஒரு வாசனையும் வரல, சத்தியமா.

அந்த ஸ்குரூவை இன்னும் ரெண்டு சுத்து இறுக்கு தம்பி, ஆடுது.

இந்த மூணு வாரமா அவ கோயமுத்தூர்ல. போன்ல ரெண்டே கண்டிஷன் போட்டா. அந்தச் சட்டி வீட்டுல இருக்கற வரைக்கும் வரமாட்டேன்னா. சரி, பள்ளத்துல தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். இன்னொண்ணு சொன்னா பாரு, அதுதான் ராத்திரி பகல் காதுல கேக்குது. "இனிமே நீங்க மோந்து பாத்துச் சொல்றதை நான் நம்ப மாட்டேன்"னா. நாப்பத்தொரு வருஷத்துல என்னை இப்படி யாரும் சொன்னதில்ல தம்பி. அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். அதனாலதான் கரண்டாவது வரட்டும்னு கடைக்குப் போனேன். சூடு வேணும், அவ வேணும். வேறென்ன வேணும் எனக்கு?

முடிஞ்சுதா? போடு சுவிட்சை. சத்தமே இல்லையே. தொட்டுப் பாக்கட்டுமா? ஆமா, லேசா வருது. அரை மணியில ரூம் இதமாயிடும்ங்கறியா? நல்லது. இந்த ரூமையும் ஒரு சந்து விடாம அடைச்சுட்டேன் பாத்தியா, சூடு வெளிய போகாது. என்ன கேட்ட? கரண்ட் போனாவா? போகும்தான். காத்தடிச்சு மரம் விழுந்தா ரெண்டு நாளைக்குக்கூட வராது, மலைதானே. அதுக்கும் ஏற்பாடு இருக்குது, என்னைக் கூமுட்டைன்னு நெனச்சியா? அதோ அந்தக் கட்டிலுக்கு அடியில சாக்கைத் தூக்கிப் பாரு. சட்டிதான். பள்ளத்துல போட மனசு வருமா, பேரு பொறிச்சுக் குடுத்தது. இந்தத் தடவை நல்லாக் காஞ்ச கரியா வாங்கி வெச்சிருக்கேன், பொட்டு ஈரம் இல்ல. கரண்ட் போனா அவ விறைச்சுடக் கூடாதில்ல.

ஏன் தம்பி சுவிட்சை அணைச்ச?

என்னது, லைன் குடுக்க மாட்டியா? குடுத்த லைனைப் பிரிச்சுட்டுப் போவியா? உன் வேலை ஒயர் இழுக்கறது. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்ன இருந்தா உனக்கென்ன? மணி மூணே முக்கால் ஆகுது, அவ வர்ற நேரம், இப்ப வந்து முரண்டு பிடிக்கற. போடு சுவிட்சை. போடுன்னா போடு.

கையில என்ன, அந்த மூலைப் பேப்பரா? அதை எதுக்கு எங்கிட்ட நீட்டற?

என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு.

இந்த ஓட்டை இருந்த அன்னிக்கெல்லாம் அம்மாவுக்குத் தலைவலியோட போச்சு, வேட்டித் துணி ஒட்டின அன்னிக்குத்தான் விழுந்தாங்கங்கற. கரி ஈரமா காஞ்சதாங்கறது இல்ல, ஓட்டை இருந்துச்சா இல்லையாங்கறதுதான் விஷயம்னு சொல்ற. இப்பப் புது ரூமை அதைவிட நல்லா அடைச்சு வெச்சிருக்கீங்க, உள்ள அதே சட்டின்னு சொல்ற.

இரு. கொஞ்சம் இரு தம்பி. நான் இந்தக் கட்டில்ல உக்காந்துக்கறேன்.

கிள்ளிக் கிள்ளி மூச்சு விட்டிருக்கறா. பொண்டாட்டி கட்டை விரல் அகலத்துக்குக் காத்து எடுத்துக்கிட்டா, அதைத் திருட்டு மாதிரி நான் நாள் தவறாம அடைச்சிருக்கேன். டீக்கடையில உக்காந்து, இன்னிக்கு ஜெயிச்சுட்டேன்னு ரெண்டாவது டீ சொன்னேன் தம்பி. ரெண்டாவது டீ.

கரண்ட் போனா என்ன பண்றது அப்ப? வெந்நீர்ப் பையா? ரெண்டு கம்பளி, கம்பளிக்குள்ள வெந்நீர்ப் பை, ரூம் சின்னது, அதுவே தாங்கும்ங்கற. அது போதுமா? நிஜமாப் போதுமா? எனக்குத் தெரியல, அதான் உங்கிட்டக் கேக்கறேன்.

ஹார்ன் கேக்குதா? மேல் வளைவுல அடிக்கறான். இன்னும் ரெண்டு நிமிஷம். தம்பி, உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்தச் சட்டியைச் சாக்கோட உன் வண்டில வெச்சு எடுத்துட்டுப் போயிடு. பின்பக்கமாப் போ. பள்ளத்துல போட்டுட்டேன்னு சொன்னது அப்படியே நெசமாயிடும்.

நில்லு. முதல்ல வராந்தாவுல நின்னு மேல ரோட்டைப் பாரு. என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியாது. இறங்கிட்டாங்களா? ஹேமலதாவும் இருக்கறாளா? சௌந்தரம் கையில பெட்டி இருக்குதா பாரு, பச்சைப் பெட்டி. தங்கறதுன்னா பெட்டியோட வருவா. இல்லையா? நல்லாப் பாத்தியா? கைப்பை மட்டும்தானா?

சரி.

அந்தச் சட்டியை இங்க குடு. வண்டில வேண்டாம். நீ கொண்டு போயிட்டா அவளுக்குத் தெரியாதுதான், ஹீட்டரைப் பாப்பா, ரூமைப் பாப்பா, ஒருவேளை தங்கிடுவா. தங்கினா மறுபடி என்னை நம்பித்தான் தங்கணும். ஒண்ணுமில்ல, படுன்னு நான் சொன்னதை நம்ப வெச்சு ஒரு தடவை பாத்தாச்சு. குடு, கனம் ஒண்ணும் இல்ல. முப்பது படி ஏறணும், நானே தூக்கிட்டுப் போறேன். அவ கண்ணுக்குத் தெரியற மாதிரியே தூக்கிட்டுப் போறேன். பள்ளம் அந்தப் பஸ் நிக்கற இடத்துக்குப் பக்கத்துலதான், அவளே தள்ளி விடட்டும். பொய் சொன்னேன்னு சொல்லிடறேன். நான் ஒட்டின வேட்டித் துணிதான் அவளைச் சாய்ச்சுதுன்னும் சொல்றேன். அதைக் கேட்டுட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறதுன்னா போகட்டும்.

பயமா இருக்குது தம்பி. பஸ்ஸுக்குக்கூட இல்ல. முப்பத்தெட்டு வருஷம் இந்த மூக்கை நம்பி ஊரே டீ குடிச்சுது. அவ பக்கத்துலயே குனிஞ்சு நின்னேன், அவ உசுரு போயிட்டிருந்துது, எனக்கு ஒரு வாசனையும் வரல.

சுவிட்சைப் போட்டுடு. அந்த ஜன்னலையும் திறந்து வை. எவ்வளவு திறக்கணும்னு அவ வந்தா அவளே சொல்லட்டும்.